ஆரஞ்சுக் காகிதமும் என் இடது கண்ணும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வெளியூர்க் கடலுக்குப் போன மகனுக்கு இரண்டொரு கடிதம்தான். ஆஸ்பத்திரியில் நடந்ததில் பாதி மறந்துபோயிற்று. மறக்காத பாதி இன்னும் நாற்றமடிக்கிறது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். "நீங்க சொல்லாம இருந்தா இன்னும் எவ கண்ணாவது போகும், சொல்ல வெக்கமா இருந்தா எழுதுங்க" என்று மருமகள் ரோசம்மா காகிதமும் பேனாவும் வாங்கி வந்து வைத்துவிட்டாள்.

அணா போய் நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து விளமீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தேன். கத்தியை வாலிலிருந்து தலைப்பக்கம் இழுத்தால் செதில் தெறிக்கத்தான் செய்யும். அன்று வால் பக்கத்துச் சின்னச் செதில் ஒன்று இடது கண்ணுக்குள் தெறித்துவிட்டது. ஈரத்தில் மீன் செதில் கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீரில் கண்ணை முக்கி முக்கி எடுத்தும் வரவில்லை. ரோசம்மா இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுந் தெரியலையே மாமி" என்றாள்.

எங்கள் கரையில் கண்ணில் எது விழுந்தாலும் சூசையம்மாவைத்தான் கூப்பிடுவோம். அவள் உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளித்து, சிலுவை போட்டுக்கொண்டு, நாக்கைக் கண்ணுக்குள் விட்டுச் சுழற்றுவாள். மணலோ உமியோ, விழுந்தது நாக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பார்கள். எடுத்ததை உள்ளங்கையில் துப்பிக் காட்டுவாள். காட்டினால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம். காசு தொடமாட்டாள். வெற்றிலையும் இரண்டு மீனும் கொடுத்தால் போதும்.

அவள் பொயிலை போடுகிறவள். எத்தனை கொப்பளித்தாலும் அந்த வாடை போகாது. அந்த நாக்கு என் கண்ணை நோக்கி வந்தபோதே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவள் ஞானஸ்நானத்தில் என் மகனை ஏந்திய ஞானத்தாய். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"கண்ணை இறுக்காதடி. பொண்ணு பாக்க வந்த வீடு மாதிரி என்ன கூச்சம்?" என்று என் தலையைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டாள். சூடாக, சொரசொரப்பாக, நத்தை ஊர்வது மாதிரி கண்ணுக்குள் ஓடியது. பிறகு கையில் துப்பி நீட்டினாள்.

"இந்தா, பாத்துக்க. எடுத்தாச்சு."

எச்சிலுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்க்க எனக்குக் குமட்டியது. ரோசம்மாவும் பார்க்கவில்லை. அடுத்தவள் எச்சிலை யார் உற்றுப் பார்ப்பார்கள்? "எடுத்தாச்சாம்" என்று நாங்களும் எல்லாரிடமும் சொன்னோம்.

உறுத்தல் போகவில்லை. "செதிலு இருந்த எடம் வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். தாய்ப்பால் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள். கண் சிவந்து, வீங்கி, காலையில் எழுந்தால் இமை இரண்டும் சீழில் ஒட்டிக்கொண்டு பிரியாது. வெந்நீர்த் துணி வைத்து ரோசம்மா பிரித்து விடுவாள். கருவிழியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளை விழுந்திருந்தது. என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

ராமநாதபுரத்தில் டாக்டர், "என்ன விழுந்துச்சு?" என்றார்.

"மீன் செதிலு சார். எடுத்தாச்சு" என்றாள் ரோசம்மா.

அவர் இமையை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே வைத்தியம் பண்ண முடியாது என்று மேற்கே ரயிலேறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஊர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் எழுத மாட்டேன். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

அங்கே எனக்கு வந்திருந்த நோய்க்குக் கருவிழிப் புண் என்று பெயர் சொன்னார்கள். கண்ணின் கறுப்புக்கு மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அதில் கீறல் விழுந்து, கிருமி புகுந்து, புண்ணாகி, சீழ் பிடித்திருக்கிறது. புண் ஆழமாகிப் பொத்துக்கொண்டால் கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்து, கண் வற்றிய சுண்டைக்காய் மாதிரி சுருங்கிவிடும். இதை என் முன்னாலேயே சொன்னார்கள். வயதான பொம்பளைக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வார்டை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. கண் துடைத்த பஞ்சு ஒரு வாளி நிறையக் கிடக்கும், மேலே ஈ. வாளியிலிருந்து எழுந்த ஈ நேரே நம் கஞ்சியில் வந்து உட்காரும். கழிப்பறைக்குப் போகிற வழியிலேயே கால் வழுக்கும். ஆயா ஒரே துணியால் தரையையும் துடைப்பாள், மேசையையும் துடைப்பாள். ரோசம்மா முந்தானையை ஆட்டி ஆட்டி ஈ விரட்டிக்கொண்டே எனக்கு ஊட்டுவாள். ஊரிலிருந்து பொட்டலத்தில் கொண்டு வந்த நெத்திலித் துவையலை யாருக்கும் தெரியாமல் கஞ்சிக்குள் புதைத்துத் தருவாள். அது ஒன்றுதான் எனக்கு இறங்கியது.

பக்கத்துக் கட்டிலில் கீழக்கரை ஆமினா லாத்தா; அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணில் புரை எடுத்துக்கொள்ள வந்தவர். என்னைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். என் கூச்சத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி பேசமாட்டீகளா? சரி, ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கிறேன்" என்றார். பேசவும் செய்தார்.

தினமும் கம்பவுண்டர் ஒரு புட்டியோடு வருவார். உள்ளே ஆரஞ்சு நிறத் தண்ணீர், இங்க் ஊற்றுகிற பில்லர் மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அந்தத் தண்ணீரைக் கண்ணில் விட்டு, இருட்டில் நீல விளக்கை அடித்துப் பார்த்தால், நல்ல தோல் சும்மா இருக்கும், புண் இருக்கிற இடம் மட்டும் பச்சையாய் ஒளிரும். புண் எவ்வளவு பெரிது, ஆறுகிறதா பரவுகிறதா என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. புரை எடுக்கக் கீறின காயத்தைப் பார்க்க ஆமினா லாத்தா கண்ணில் விட்டபோது நானே பார்த்தேன். இலைத்தளிர் மாதிரி பச்சை.

ஆனால் அந்தப் பில்லர்! எதிர்க் கட்டில்காரியின் சீழ் இமையில் முனை படும். கம்பவுண்டர் அதைப் புட்டிக்குள் முக்குவார். அடுத்த கண்ணில் விடுவார். அடுத்த இமையிலும் படும். பிறகு புட்டி. வரிசையாக இப்படியே என் கட்டிலுக்கு வரும்போது எனக்கு ஓங்கரிப்பு வந்துவிடும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். சொட்டு இமை மேல் விழுந்து கன்னத்தில் மஞ்சளாய் ஓடும். கம்பவுண்டருக்கு அவசரம், விட்டாயிற்று என்று போய்விடுவார், விளக்கு அடிக்கிறவரும் தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு தடவை மட்டும் கொஞ்சம் உள்ளே போயிற்று. கண்ணில் விட்டது மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி வாயெல்லாம் ஒரு மாதிரி ருசி. மூக்கைச் சிந்தினால் சளியும் பச்சை மஞ்சள். அன்று முழுக்கத் துப்பிக்கொண்டே இருந்தேன்.

ரோசம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "ஊரான் பில்லருக்கு இம்புட்டு ஓங்கரிக்கிறீகளே மாமி, சூசையம்மா நாக்கு மட்டும் சக்கரையா இருந்துச்சாக்கும்?"

"அதுவும் கொமட்டத்தான் செஞ்சது" என்றேன்.

"அப்ப அங்கன மூடியிருக்க வேண்டியதுதானே!"



புண் ஆறவில்லை. ஊசி போட்டார்கள், களிம்பு போட்டார்கள். அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போயிற்று. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகள் கூட்டத்தோடு வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து என் முகத்துக்கு மேல் மூச்சு விட்டார்கள். ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். பெரிய டாக்டர் ரோசம்மாவிடம், "இந்தக் கண்ணு தேறாது. எடுத்துடணும். விட்டா மத்தக் கண்ணுக்கும் ஆபத்து. நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கண்ணை எடுத்த குழியில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்த ஒருத்தி மூன்று கட்டில் தள்ளி இருந்தாள். அந்தப் பஞ்சு மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அழுகையைவிட அருவருப்புதான் முதலில் வந்தது. அந்தக் குழியோடு நான் எப்படிச் சோறு பரிமாறுவேன், பேரப்பிள்ளை என் மடியில் எப்படி உட்காருவான் என்றெல்லாம் ஓடியது. ரோசம்மா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் சின்ன டாக்டரம்மா வந்தார். மெல்லிய, ஒடிசலான பெண். வார்டின் ஓரத்தில் ஒரு அறையில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவர் என்று ஆமினா லாத்தா சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் புண்ணை ஒரு தடவை அளந்து வைக்க வேண்டும் என்றார். நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா மூடுறீங்க? வலிக்குதா?"

ரோசம்மா பொறுக்கமாட்டாமல் கொட்டிவிட்டாள். "வலி இல்லம்மா. அந்தப் பில்லரு எல்லாரு சீழுலயும் பட்டுட்டு வருதுல்ல, மாமிக்கு அருவருப்பு. இத்தனை நாளும் கண்ணுக்குள்ள ஒரு சொட்டு ஒழுங்காப் போகல. அவுகளும் சொல்லல, நானும் சொல்லல."

டாக்டரம்மா கோபிப்பார் என்று பயந்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், வத்திக்குச்சி அகலம், முனையில் மட்டும் ஆரஞ்சு.

"நான் புட்டியை விட்டு ரொம்ப நாளாச்சு. இது அதே மருந்துதான், காகிதத்துல காயவச்சது. கொதிக்கிற ஆவியில கிருமி போக்கி, உறைக்குள்ள மூடினது. உங்களுக்குப் பிரிச்சது உங்களுக்கு மட்டும். அப்புறம் குப்பைக்கு. இதுக்கு அருவருப்புப் படுவீங்களா?"

நான் தலையாட்டினேன், இல்லை என்று.

இருட்டறையில் உட்காரவைத்து, காகித முனையைக் கீழ் இமைக்குள் தொட்டு எடுத்தார். என் கண்ணீரிலேயே மருந்து கரைந்து பரவியது. நீல விளக்கைப் போட்டார். மற்றவர்களுக்குத் தெரிகிற பச்சை நோயாளிக்குத் தெரியாது. எனக்கு நீலம் மட்டும்தான். ரோசம்மாதான் பக்கத்தில் நின்று சொன்னாள், "யாத்தே! அமாவாசைக் கடலுல துடுப்பு போட்டா மினுங்குமே மாமி, அப்பிடி எரியுது ஒங்க கண்ணு!"

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "புண்ணுக்குப் பக்கத்துல மேலேருந்து கீழா கோடு கோடா இருக்கு. பூனை பிறாண்டின மாதிரி. கண்ணைக் கொட்டக் கொட்ட மேல் இமைக்குள்ள இருந்து எதுவோ கீறுது" என்றார். "என்ன விழுந்துச்சுன்னு சொன்னீங்க?"

"செதிலு. ஆனா அது எடுத்தாச்சும்மா" என்றாள் ரோசம்மா.

"யார் எடுத்தா?"

"சூசையம்மா."

"எடுத்ததை நீ பார்த்தியா?"

"கையில துப்பிக் காட்டுனாக…"

"துப்பியா?"

ரோசம்மா குரல் உள்ளே போயிற்று. "நாக்கால எடுத்தாகம்மா."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தினம் தினம் சீழ் பார்க்கிறவர், அவருக்கே குமட்டிவிட்டது. எனக்குக் கூச்சத்தில் உயிர் போயிற்று. பிறகு அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வலி மரக்கச் சொட்டு விட்டு, கொக்கி மாதிரி ஒரு கம்பியில் மேல் இமையைச் சுருட்டினார். ஒரு தடவை திருப்பினால் போதாதாம், இரண்டு தடவை மடிக்க வேண்டுமாம். ராமநாதபுரத்தில் ஒரு தடவைதான் திருப்பினார்கள். மடிப்பின் ஆழத்தில் ஒளிரும் மருந்து தேங்கி, ஒரு வட்டத்தின் ஓரம் பச்சைக் கோடு போட்ட மாதிரித் தெரிந்ததாம். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி.

இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சீழ் பூசிய சின்னச் செதில். சூசையம்மாவின் நாக்குதான் அதை மேலே தள்ளி மடிப்புக்குள் சொருகியிருக்கிறது. அவள் துப்பிக் காட்டியது என்னவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பல்லில் இருந்த சுண்ணாம்பாகவும் இருக்கலாம். இந்தத் தடவை நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தேன். டாக்டரம்மாவே என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆபரேஷன் நடக்கவில்லை. பெரிய டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாளில் ஒவ்வொரு காலையும் ஒரு புதுக் காகிதம், நீல விளக்கு. பச்சை சுருங்குகிறதா என்று டாக்டரம்மா பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். முதலில் கோடுகள் மறைந்தன. பிறகு புண் ஓரத்திலிருந்து உள்ளே மூடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அவர், "பச்சையே இல்லை" என்றார். ரோசம்மா அந்த இடத்திலேயே முழந்தாளிட்டுவிட்டாள்.

ஆறி வந்த நாட்களில் டாக்டரம்மாவின் அறையில் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே மட்டும்தான் நாற்றம் இல்லை. ரோசம்மா காகிதம் வெட்டிக் கொடுப்பாள். அவள் கையை மூன்று தடவை சோப்புப் போடச் சொல்வார். "கழுவக் கழுவ மீன் வாசம்தான் வருது, ரோசம்மா." "பொறந்ததுலேர்ந்து ஊறுனது, ஒங்க சோப்புக்குப் போகுமாம்மா?" நனைத்த துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார், கருவாடு காயப்போட்ட மாதிரி. எந்தக் காகிதம் நல்லது, எவ்வளவு மருந்து ஏற்றினால் போதும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இரண்டு வெள்ளைப் பொருள்களைச் சேர்த்துச் சூடு பண்ணினால் இந்த ஆரஞ்சுச் சாயம் பிறக்கிறது. இது நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுப் பச்சை வெளிச்சமாகத் துப்புகிறது. வார்டில் தொங்குகிற குழல் விளக்குக்குள் பூசிய வெள்ளைப் பொடியும் இதே வேலைதான் செய்கிறதாம். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரிகிற ஒளியாக்குகிறது. இந்தச் சாயத்தை ஓரிடத்துத் தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியில் அது எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். வேறொரு சாயத்தைக் காசநோய்க்காரர் சளியில் ஏற்றினால் கிருமி மட்டும் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்குமாம். சளியா என்று முகம் சுளித்தேன். "சளியைப் பார்க்க மாட்டேன்னா வியாதியை எப்படிப் பார்க்கிறது?" என்று சிரித்தார்.

புட்டியை ஏன் விட்டீர்கள் என்று ரோசம்மா கேட்டாள். அந்தத் தண்ணீருக்குள் ஒரு கிருமி சுகமாக வளருமாம். கண்ணைத் தின்பதில் அதற்கு மிஞ்சியது இல்லை. அந்தக் கிருமி விடுகிற நிறமும் விளக்கில் பச்சையாக மினுங்குமாம். மருந்து எது, விஷம் எது என்று பார்த்தால் தெரியாது. பிற ஊர்களில் அந்த மாதிரிப் புட்டியால் கண் போனது உண்டு என்றார். அதைக் கேட்டதிலிருந்து ஆமினா லாத்தா கம்பவுண்டரை அண்டவிடவில்லை. "யா அல்லாஹ், காகிதம் இருந்தா வா, இல்லாட்டி அந்தப் பக்கமே நில்லு!" என்று வார்டே கேட்கக் கத்தினார். அவர் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஊருக்கு வந்ததும் சூசையம்மா பார்க்க வந்தாள். கண்ணில் மூடுபனி மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

"பூ விழுந்துருச்சே! ஆஸ்பத்திரிக்கிப் போயி கெடுத்துக்கிட்டியேடி. நாந்தான் அன்னைக்கே எடுத்துக் காட்டினேனே!"

"நீங்க காட்டினது வேற, மடிப்புக்குள்ள இருந்தது வேற" என்றாள் ரோசம்மா. "டாக்டரம்மா எடுத்தத நானே கண்ணால பாத்தேன்."

"ஒங்க டாக்டரு காயிதத்தக் கண்ணுல விட்டாளாமே, அது மட்டும் சுத்தமோ? கடவுள் குடுத்த நாக்கு அசுத்தமோ?" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைத் திருப்பி, "எங்க, பூவ ஒரு தடவு தடவிப் பாப்பமா" என்று குனிந்தாள். பொயிலை வாடை வந்தது.

நான் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டேன். "வேண்டாம் சூசையம்மா" என்றேன். சத்தமாக வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அவள் வெற்றிலை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். இன்னமும் அவளிடம் ஆட்கள் போகிறார்கள். கண்ணில் ஏதாவது விழுந்தால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே யார் எடுத்தது, எதால் எடுத்தது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அந்தச் சாயத்தின் பெயர் புளோரசின் என்று நினைக்கிறேன், புளூரசினாகவும் இருக்கலாம். வெள்ளைப் பொருள்கள் இரண்டா மூன்றா, கிருமியைப் பற்றிச் சொன்னது சரிதானா என்றும் எனக்கு உறுதியில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதை அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் திருத்த வேண்டும். இந்தக் கடைசி வரிகளில் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். காகிதத்தில் கோடு தெரிகிறது.